பஜார் கடை விலாசம்

என் பெயருக்கு வந்த முதல் அரசாங்கக் கடிதத்தில் கருவாட்டு வாசம் அடித்தது. 1991ஆம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்து சில நாட்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க அக்கரப்பத்தனை பஜாருக்கு இறங்கியிருந்தேன். கடை முதலாளி கணக்குக் கொப்பிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த நீளமான உறையை எடுத்து, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"தம்பி, கொழும்புலருந்து வந்திருக்கு. வியாழக்கெழமயே வந்திருச்சு. ஒங்க தோட்டத்து ஆளுக யார்கிட்டயாச்சும் குடுத்துவிடலாம்னு பாத்தேன். பெறகு வேணாம்னு நானே வச்சுக்கிட்டேன்."

பட்டதாரி ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அது. உறையின் மேல் இருந்தது அவருடைய கடை விலாசம். விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் நான் அதைத்தான் எழுதியிருந்தேன். பிறந்ததிலிருந்து குடியிருந்த லயத்துக் காம்பராவை எழுதத் துணியவில்லை. காரணம், என் பெரியப்பா மகன்.

அண்ணன் எங்கள் லயத்தில் முதன்முதலாக உயர்தரம் வரை போனவர். 1979இல் எழுதுவினைஞர் பரீட்சை எழுதினார். சித்தியும் அடைந்தார். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. தபால்காரர் தோட்டத்து ஆபீஸ் வரைதான் வருவார். அதற்கு மேல் அந்தக் கடிதத்துக்குக் கால் கிடையாது. மேசையில் குவிந்து கிடக்கும். பெரட்டுக் களத்துக்கு வரும் யாராவது எடுத்து வந்தால் உண்டு. லயத்துக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. அண்ணனின் பெயரில் எங்கள் பிரிவில் மட்டும் நான்கு பேர். சம்பள நாளில் பெரியப்பாவுக்காகக் கைநாட்டு வைக்கிற வரிசையில் நின்றபோது அண்ணனே அதைக் கண்டெடுத்தார். நேர்முகப் பரீட்சை முடிந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன.

அவர் யாரையும் ஏசவில்லை. மறுநாள் கவாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அதன் பிறகு அறுபது வயது வரை போனார். எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "நீ எழுதுறப்ப கடை விலாசத்தப் போடு."

அந்தப் படிவத்தில் விலாசத்தை விடக் கஷ்டமான ஒரு கேள்வி இருந்தது. நீர் இலங்கைப் பிரஜையா? ஆம் எனில், வம்சாவளியாலா பதிவாலா? பதிவால் எனில், சான்றிதழ் இலக்கமும் திகதியும் தருக. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாவை நாடற்றவர் ஆக்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் வாக்களித்து, தலவாக்கலைத் தொகுதிக்கு சி.வி.வேலுப்பிள்ளை நாடாளுமன்றம் போயிருந்தார். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். விடுபட்ட 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். என் அப்பா அந்த மூன்று இலட்சத்தில் வந்தார். சித்தப்பா ஐந்தேகால் இலட்சத்தில் போனார். ஒரே காம்பராவில் பிறந்த இரண்டு பேர். சித்தப்பாவை ஏற்றிப்போன தலைமன்னார் ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தலவாக்கலை ஸ்டேசனில் அப்பா நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்த மூன்று இலட்சத்தில் ஒன்றுக்கான அத்தாட்சி எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், பழைய சேலைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் உரப்பை பிளாஸ்டிக்கில் சுற்றி இருந்தது. லயத்துக் கூரை ஒழுகினால் அம்மா முதலில் நகர்த்துவது அந்தப் பெட்டியைத்தான். அரிசிப் பானை இரண்டாவது. நான் படிவம் நிரப்பிய இரவில் அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து அதைப் பிரித்தார். குப்பி லாம்பைத் தூரமாக வைக்கச் சொன்னார். இலக்கத்தை நான் எழுதி முடிக்கும்வரை மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்து, திரும்பச் சுற்றி வைத்தார். பதிவுப் பிரஜை, வம்சாவளிப் பிரஜை என்று எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது என்று 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை சொல்கிறது என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

நான் உயர்தரம் மூன்று தடவை எழுதியவன். மூன்றாவது தடவை 1983. அந்த ஆடி மாதத்து இனக்கலவரத்தில் நாடு எரிந்த பிறகு பரீட்சை எழுதிய பிள்ளைகளில் நானும் ஒருவன். நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருந்ததால் எங்களுக்குச் சற்றுக் கதவு திறந்திருந்தது. பேராதனைக்குப் போனேன். 1987க்குப் பிறகு பல்கலைக்கழகம் திறந்த நாட்களை விட மூடிய நாட்கள் அதிகம். தென்னிலங்கைக் கிளர்ச்சி, அதை அடக்கிய விதம், மகாவலி ஆற்றில் மிதந்தவை எல்லாம் வேறொரு கட்டுரைக்கு உரியவை. மூடிய மாதங்களில் நான் தோட்டத்துக்கு வந்து கைகாசுக்குக் கொழுந்து எடுத்தேன். 1990இல் பட்டம் கையில் இருந்தது.

பட்டம் பெற்றவனுக்கு அரசாங்கத்தில் என்னென்ன வேலை உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களோடு மலைநாட்டிலிருந்து வந்த கலைப்பிரிவு மாணவர்கள் எல்லோரும், எனக்குத் தெரிந்து, ஆசிரியர்கள் ஆனோம். அப்போது அதற்குத் தேவையும் இருந்தது. கணக்கப்பிள்ளையே வாத்தியாராகவும் இருந்த தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1986இலிருந்து சுவீடன் நாட்டு சீடா நிறுவனத்தின் உதவியில் புதிய வகுப்பறைகள் எழும்பின. இன்றும் எங்கள் பக்கத்தில் அவற்றைச் சீடா கட்டடம் என்றுதான் சொல்வார்கள். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே நின்று படிப்பிக்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில் நாங்கள் நுழைந்தோம்.

நிர்வாக சேவை என்று ஒன்று உண்டு, அதற்குத் திறந்த போட்டிப் பரீட்சை உண்டு, அதை எழுதினால் நானும் ஒரு பிரதேச செயலாளர் ஆகலாம் என்ற விசயம் எனக்கு உறைத்தபோது வயதெல்லை தாண்டியிருந்தது. 1963 மே மாதம் பழைய சிவில் சேவையைக் கலைத்து உருவாக்கிய சேவை அது. நான் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு. கணக்காளர் சேவை, திட்டமிடல் சேவை, கல்வி நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை, தொழில் உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று எல்லாமே வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானியில் வந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் தோட்டத்தில் வர்த்தமானியை யார் கண்டார்கள்? வீரகேசரி வருவதே பஸ்ஸில், மத்தியானத்துக்கு மேல், ஒன்றிரண்டு பிரதி. லயத்துக்கு அது வந்து சேரும்போது பாதி கிழிந்து சீனி சுற்றிய கடதாசியாக வரும். நான் சில விளம்பரங்களைச் சீனியைக் கொட்டிவிட்டு வாசித்திருக்கிறேன். திகதி முடிந்திருக்கும்.

நியமனம் கிடைத்த அன்று அம்மா கடிதத்தைக் கையில் வாங்கி, எழுத்தில்லாத பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "பென்சன் உண்டாய்யா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் வம்சத்தில் பென்சன் என்ற சொல்லுக்கு உரியவனாக முதலில் வந்தவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் இஸ்தோப்பில் ஆட்கள் உட்காரத் தொடங்கினார்கள். சேமலாப நிதிப் படிவம், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், அடையாள அட்டை, 1988 சட்டத்தில் பிரஜாவுரிமை கிடைத்தவர்களுக்கான சத்தியக் கடதாசி. பேசுகிறவராக, எழுதுகிறவராக, அரசாங்கத்தை நேரில் கண்டவராக அவர்களுக்குத் தெரிந்தவர் ஒரு வாத்தியார்தான். நான் படிப்பித்த பாடங்களை விட அந்த இஸ்தோப்பில் நான் படித்தது அதிகம்.

ஒரு பாட்டியின் காகிதங்கள் மட்டும் மறக்கவே இல்லை. பிறப்புப் பதிவில் அவள் பெயர் 'ஆயி' என்று முடிகிறது. அடையாள அட்டையில் 'அம்மா'. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இரண்டும் இல்லாமல் வேறொரு பெயர், பக்கத்துக் காம்பராக்காரியின் பெயரோடு கலந்துபோனது. தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றி, மூன்றாமவர் தமிழுக்குக் கொண்டுவந்த பெயர்கள். நாற்பது வருடம் கூடை சுமந்து சேர்ந்த காசு அந்த இரண்டு எழுத்துக்காக நின்றுபோயிருந்தது. நுவரெலியாவுக்கும் தலவாக்கலைக்குமாக மூன்று தடவை அவளோடு பஸ் ஏறினேன். ஒவ்வொரு தடவையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார். நான் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னேன். பாட்டி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்து.

அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. பாதிக்கு மேல் தோட்டத்து மக்கள் வாழ்கிற மாவட்டம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். ஏழு இலட்சம் பேருக்கு மேல் உள்ள மாவட்டத்துக்கு நெடுங்காலம் ஐந்தே ஐந்து பிரதேச செயலகங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்கவே தடை போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே அக்கரப்பத்தனைப் பிரதேச சபை என்று ஒன்று வந்ததும் அதே 2018இல். சட்டம் எழுதியாயிற்று. அந்த மேசைக்குப் பின்னால் தமிழில் கேட்டுத் தமிழில் எழுதுகிற ஆள் வேண்டுமே? அவரை யார் உண்டாக்குவது? நாங்கள் எல்லோரும் வகுப்பறைக்குள் போய்விட்டோம். எங்கள் மாணவர்களுக்கும் வகுப்பறையையே காட்டினோம். ஒரு ஆசிரியனாக நான் செய்த தவறு என்று இதைத்தான் சொல்வேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வந்து "சேர், நான் என்னாவாகிறது?" என்று கேட்டால், "கலேஜ் ஒப் எடியுகேசனுக்குப் போ, பத்தனையில கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிய நாட்கள் எத்தனை! ஆசிரியர்களை உருவாக்கும் அந்தக் கல்லூரி எங்கள் பிள்ளைகளைக் கரைசேர்த்த கல்லூரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு கரையை மட்டுமே காட்டியது நாங்கள்.

அந்தக் கரையும் ஒரு கட்டத்தில் இடிந்தது. தோட்டத்துப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் என்று உயர்தரம் படித்தவர்களை எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பின்பு 10,000. முழு நேரசூசி, முழு வகுப்பு. எங்கள் பாடசாலைக்கு வந்த ஒரு பிள்ளை பஸ் காசு போக மிச்சத்தை என்னிடம் காட்டினாள். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

2022 டிசம்பர் 31ஆம் திகதி, அறுபது வயதைத் தொட்ட அரசாங்க ஊழியர்கள் பெருந்தொகையாக ஒரே நாளில் ஓய்வு பெற்றபோது நானும் வெளியே வந்தேன். நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த வருடம் அது.

இப்போது என் தங்கச்சி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பட்டதாரி. எங்கள் லயத்தில் இப்போது பட்டதாரிகள் ஐந்து பேர். என் காலத்தில் இல்லாத எல்லாம் அவள் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வர்த்தமானி விடிகாலையிலேயே போனுக்கு வந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் கடந்தகால வினாத்தாள்கள், நுண்ணறிவுப் பயிற்சி, பொது அறிவுக் குறிப்புகள். 2007க்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர் குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டாம் அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருப்பதால், அவள் முன்கூட்டியே சிங்கள டிப்ளோமா முடித்துவிட்டாள். நான் அந்தப் பாட்டிக்காகத் தட்டுத்தடுமாறிய சிங்களத்தை இவள் சரளமாகப் பேசுகிறாள். எந்தச் சேவைக்கு என்ன தகைமை, எந்த வயது, எத்தனை வினாத்தாள் என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். நான் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலைதான் இல்லை. 2020இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளை 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தபோது, கொரோனாவால் தள்ளிப்போன இறுதிப் பரீட்சைக்காக இவள் காத்திருந்தாள். பட்டம் வந்தபோது நாட்டில் எரிபொருள் வரிசை. ஆட்சேர்ப்பு நின்றது. 2023 டிசம்பரில் கிராம உத்தியோகத்தர் பரீட்சை எழுதினாள், கிட்டத்தில் போய்த் தவறிவிட்டது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 30,000 பேரை அரச சேவைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு எத்தனை இலட்சம் விண்ணப்பம் போகும் என்று அவளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் வத்தளையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினாள். இப்போது மாலை நேரத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுக்கிறாள். அவள் அம்மா மலைக்குப் போய் எடுக்கும் நாள் சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் ஆனது. மகளின் டியூசன் காசு சில மாதங்களில் அம்மாவின் மாதச் சம்பளத்தைத் தாண்டும், சில மாதங்களில் தாண்டாது.

"மாமா, ஒங்க காலத்துல வேல இருந்துச்சு, கடிதம் வரல. எங்களுக்குக் கடிதம் செக்கன்ல வருது" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பட்டதாரிகளை எடுத்து என்ன செய்வது, அலுவலகங்களில் இருக்கக் கதிரையே இல்லை என்று கொழும்புப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் சும்மா இருக்கிறார்கள் என்கிறார்கள். வேறு மாவட்டங்களில் அப்படி இருக்கலாம். நான் கண்ட ஒன்றை எழுதுகிறேன். கடந்த வருடம் பென்சனுக்கான உயிர்வாழ் சான்றிதழ் விசயமாகப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தோட்டத்துப் பாட்டி, பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து, குனிந்து, "ஆயி, இங்க ஒக்காருங்க. இதுல ஒங்க பேரு ரெண்டு வெதமா இருக்கு. பயப்படாதீங்க, ஒரே ஆளுதான்னு நான் எழுதித் தாறேன், கிராம சேவகர்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றாள். பத்து நிமிடம் ஆகியிருக்குமா? பாட்டி போகும்போது அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்துவிட்டுப் போனாள்.

என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தவள், "சேர்!" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். டயகமப் பக்கத்துப் பிள்ளை. என்னிடம் ஒன்பதாம் ஆண்டு படித்தவள். 2020 நியமனத்தில் வந்தவளாம்.

அந்தக் கதிரையில் ஒரு ஆள் கூடுதல் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மூன்று பஸ் பயணம், மூன்று நாள் சம்பளம் அவள் ஒருத்தியால் மிச்சமாயிற்று. எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு மேசைக்கும் இப்படி ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டுகிற இடத்தில், பொலிசில் முறைப்பாடு எழுதுகிற இடத்தில், பதிவாளரின் பேனாவுக்குப் பின்னால். அந்த இடங்களுக்கு வரத் தயாராக, இரண்டு மொழியும் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் லயத்தில் மட்டும் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள்.

போன மாதம் தங்கச்சி மகள் இன்னொரு பரீட்சைக்கு விண்ணப்பித்தாள். ஒன்லைன் படிவம். இஸ்தோப்பில் சிக்னல் வராது என்று பீலிக்கரை மேட்டுக்குப் போய் நின்றோம். பெயர், பட்டம், வருடம் எல்லாம் மளமளவென்று போட்டாள். வம்சாவளியா பதிவா என்ற கேள்விக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. வீட்டு இலக்கம். வீதியின் பெயர். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் படிவம் நகராது.

லயத்தைத் திரும்பிப் பார்த்தாள். தகரக் கூரை, அதன் மேல் காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கல், எட்டுக் காம்பரா.

இருவரும் பஜாருக்கு இறங்கினோம். பழைய முதலாளி இல்லை. மகன் இருக்கிறார். அரிசித் தராசு இருந்த இடத்தில் போன் ரீலோட், போட்டோப் பிரதி இயந்திரம். விசயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன சேர், போடுங்க. வந்தா கோல் எடுக்குறேன்" என்று சொல்லி, கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மேசை மேல் வைத்தார். உள்ளே ஏழெட்டு உறைகள், இறப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தன. மேலே இருந்த பெயர்களைப் படித்தேன். பாதிப் பேர் நான் படிப்பித்த பிள்ளைகள். அவள் கடையின் இலக்கத்தைக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் தட்டினாள்.